கப்பல் பார்க்காத பக்கம்

"இப்பிடி ஒருத்தரும் கத்தேல்லை" என்றார் அக்கா.

நான் அதை வங்காளத்தில் சொன்னேன். இயக்குநர் கையிலிருந்த தாள்களை மேஜைமேல் வைத்துவிட்டு, மேலே சொல்லுங்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார். திரைக்கதையில் அந்த இடத்தில் தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் தெரிகிறது. பழுதாகி மிதக்கும் மீன்பிடிப் படகில் அகதிகள் எழுந்து நின்று, துணியை வீசிக் கூச்சல் போடுகிறார்கள்.

"முதல் கப்பலுக்குக் கத்தினனாங்கள். ரெண்டாவதுக்கும் கத்தினனாங்கள். ரெண்டும் நிக்காமப் போயிட்டுது. மூண்டாவது வரேக்க தொண்டையில ஈரமே இல்லை. பாத்துக்கொண்டு இருந்தனாங்கள், அவ்வளவுதான்."

அதையும் சொன்னேன். இயக்குநர் பேனாவை எடுத்து அந்த வரிகளை அடித்தார். பிறகு, "அப்படியானால் அங்கே சத்தமே வேண்டாம்" என்றார். இயக்குநர் ஒரு பெண்; முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவரை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

எனக்கும் சினிமாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் கொல்கத்தாவில். லேக் மார்க்கெட்டில் என் கணவருக்கு மளிகைக் கடை; காப்பிப் பொடி, அப்பளம், புழுங்கலரிசி, தோசை மாவு. எங்கள் மகள்தான் உதவி இயக்குநராகச் சேர்ந்து என்னையும் இதற்குள் இழுத்தாள். போர்க் காலத்தில் இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்களின் படகு நடுக்கடலில் நின்றுபோய், அவர்களை ஒரு சரக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டது உண்மையில் நடந்தது. அந்தக் கப்பலின் கேப்டன் வங்காளி. ஓய்வுபெற்று அலிப்பூரில் இருந்தார். அவர் நினைவிலிருந்து சொன்னதை வைத்துத்தான் கதை எழுதியிருந்தார்கள்.

"மா, அந்தப் படகுல வந்த ஒருத்தங்களையே கண்டுபிடிச்சுட்டோம்" என்றாள் மகள். "தமிழ்நாட்டுல முகாம்ல இருக்காங்க. அவங்களுக்கு பாங்ளா தெரியாது, எங்க டைரக்டருக்கு தமிழ் தெரியாது. நீதான் நடுவுல பேசணும். அப்புறம் படகுல உக்கார ஆளு வேணும். நம்ம கடைக்கு வர்ற மாமா மாமி எல்லாரையும் கூட்டிட்டு வந்துடு, ப்ளீஸ்."

அப்படி வந்தவர்தான் அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். படகில் வந்தபோது பன்னிரண்டு வயதுச் சிறுமி. விடுதியில் கடுகெண்ணெய் வாடைக்கு அவரால் ஒரு கவளம்கூடச் சாப்பிட முடியவில்லை என்று எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். வந்த மறுநாளே சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று என் கணவரைவிட நன்றாகத் தெரிந்துகொண்டார். என்னைத் தங்கச்சி என்பார். ஹவுராவுக்குப் போக வேண்டியிருந்தபோது ஆற்றைப் படகில் கடந்தால் சீக்கிரம் போய்விடலாம் என்றேன். "பஸ்ஸில போவம்" என்று மட்டும் சொன்னார். பஸ்ஸிலேயே போனோம்.

முதல் வாரத்தில் அவரைக் கேப்டன் வீட்டுக்கு அழைத்துப் போனோம். அக்கா பனங்கற்கண்டு கொண்டுவந்திருந்தார். கதவு திறந்ததும் கேப்டன் காலில் விழுந்துவிட்டார். எண்பதைத் தாண்டிய மனிதர், கைத்தடியை விட்டுவிட்டுக் குனிந்து அக்காவைத் தூக்கப் பார்த்தார். இருவரும் அழுதார்கள். படக்குழுவினர் புகைப்படம் எடுத்தார்கள். பிறகு உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது கேப்டன் சொன்னார்: "நாற்பது வருடம் கடலில் இருந்தேன். நான் செய்ததில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். அன்றைக்கு ஒருவரைக்கூட விடாமல் ஏற்றினேன்."

நான் தமிழில் சொன்னேன்.  அக்கா பிஸ்கட்டை எடுத்து, கடிக்காமல் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார். பிறகொரு நாள் கடைசிக் காட்சியை அவருக்குப் படித்துக் காட்டினேன். கப்பலிலிருந்து கயிற்றேணி இறங்குகிறது, எல்லோரும் ஏறுகிறார்கள், கேப்டன் தொப்பியைக் கழற்றுகிறார். ஒவ்வொரு காட்சியிலும் திருத்தம் சொன்னவர், அங்கே மட்டும் "அது சரி" என்றார்.

படப்பிடிப்பு டயமண்ட் ஹார்பர் பக்கம். அங்கே ஆறு அவ்வளவு அகலம். மங்கலான நாளில் எதிர்க்கரை தெரியாது. கடல் என்றே சொல்லிவிடலாம். சித்திரை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஒரு பழைய மீன்பிடிப் படகில் எங்களை ஏற்றினார்கள். தோசைக் கடைக்காரர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியும் அவர் மனைவியும், ஒரு நர்ஸ், காலேஜ் பிள்ளைகள் சிலர் என்று லேக் மார்க்கெட்டில் தினமும் பார்க்கிற முகங்கள்தான். கிழிந்த துணி, முகத்தில் கரி, உதட்டில் ஏதோ வெள்ளைப் பசை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். போகும்போது எல்லோருக்கும் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். நடு ஆற்றுக்குப் போனதும், கேமராவில் தெரியும் என்று அவற்றைக் கழற்றி வாங்கி, கூடவே வந்த லாஞ்சு என்ற பெரிய விசைப்படகுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். லாஞ்சில் கேமரா, இயக்குநர், ஒலிபெருக்கியோடு என் மகள். எங்கள் படகில் இயந்திரத்தை அணைத்தாயிற்று. படகோட்டி தார்ப்பாய்க்கு அடியில் ஒளிந்துகொண்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு நீளக் கயிறு.

அக்கா லாஞ்சில் இருப்பதாகத்தான் ஏற்பாடு. அதில் ஏறவே அவருக்கு வெகுநேரம் ஆனது. ஆனால் எங்கள் ஆட்கள் வசனத்தில் வந்த ஈழத்துச் சொல்லான "வரேக்க" என்பதைச் சொல்லத் தெரியாமல் சிரிப்பதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அவரே எழுந்துவிட்டார்.

"நான் அதில இருக்கிறன். இவைக்குக் கிட்ட இருந்து சொல்லிக் குடுத்தாத்தான் சரிவரும்."

"வேண்டாம்க்கா, அங்கேருந்தே சொல்லலாமே" என்றேன்.

"வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

லாஞ்சை எங்கள் படகோடு ஒட்டி நிறுத்தச் சொல்லி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு தடவை எடுத்தார்கள். மூன்றாவதற்குத் தயாராகும்போது காற்று சட்டென்று நின்றது. வியர்வை வழிந்தது. வடமேற்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொல்கத்தாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் பிற்பகலில் கால்பொய்ஷாகி என்கிற கோடைப் புயல் இப்படித்தான் வரும். வீட்டில் என்றால் மொட்டை மாடிக்கு ஓடித் துணியை எடுப்போம். லாஞ்சில் இயக்குநர் வானத்தைக் காட்டிக் கேமராக்காரரிடம் ஏதோ சொன்னார். அந்த வெளிச்சம் அவர்களுக்கு வேண்டியிருந்தது என்று பிறகு தெரிந்தது. ஒரே ஒரு தடவை, உடனே கிளம்பிவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள்.

அதற்குள் காற்று வந்துவிட்டது. முதல் அடியிலேயே தார்ப்பாய் பறந்தது. படகு அப்படியே ஒரு சுற்றுச் சுற்றியது. கயிறு இழுபட்டு விறைத்து, வெடிச் சத்தத்தோடு அறுந்தது. படகோட்டி பாய்ந்து இயந்திரத்தைச் சுற்றினார். அது இருமிவிட்டு நின்றது. மறுபடி சுற்றினார். மறுபடி நின்றது. மழை பக்கவாட்டில் அடித்ததில் கண்ணைத் திறக்க முடியவில்லை. லாஞ்சு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. காலேஜ் பெண் ஒருத்தி "அம்மா, அம்மா" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அலைக்கும் தண்ணீர் உள்ளே விழுந்தது. தோசைக் கடைக்காரர் படப்பிடிப்புக்காக வைத்திருந்த அலுமினியப் பாத்திரத்தால் இறைக்க ஆரம்பித்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது; ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. "அக்கா, ஒண்ணும் ஆகாது" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. மகளுக்கும் தெரியாது. அவள் எங்கே இருக்கிறாள் என்பது மட்டும்தான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது மழைக்குள்ளிருந்து லாஞ்சு வெளிப்பட்டது. ஒலிபெருக்கியில் மகளின் குரல்: "மா! மா!"

மிதவைச் சட்டைகளை எங்களை நோக்கி வீசினார்கள். காற்று அவற்றைத் தூக்கிக்கொண்டு போனது. லாஞ்சு நெருங்கி வந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம்போல இருந்தது. அந்தக் கணத்தில் நாங்கள் எல்லோரும் எழுந்தோம். ஒருவர்கூட யோசிக்கவில்லை. நானும் எழுந்தேன். எல்லோரும் லாஞ்சுப் பக்கம் பாய்ந்தோம். படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. விளிம்பு தண்ணீருக்குள் போனதையும், பழுப்புத் தண்ணீர் முழங்கால்வரை ஒரே மூச்சில் ஏறியதையும் பார்த்தேன்.

"இருங்கோ! ஒரு பக்கம் போகாதேங்கோ! இருங்கோ!"

அக்காவின் குரல் அது. மனுஷக் குரல் மாதிரியே இல்லை. அவர் மட்டும் எதிர்ப்பக்க விளிம்பைக் கட்டிப்பிடித்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். காற்றில் அவர் சொன்னது பலருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க! படகு கவுந்துடும்!" என்று நான் கத்தினேன். காலேஜ் பிள்ளைகளுக்குத் தமிழைவிட வங்காளம்தான் சட்டென்று ஏறும் என்பது எப்படியோ நினைவு வந்து, "பொஷுன்! ஷொபாய் பொஷுன்!" என்று அதையும் சேர்த்துக் கத்தினேன். மகள் அதைப் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னாள். வங்கி அதிகாரி விளிம்பில் ஒரு காலை வைத்துவிட்டார். அவர் மனைவி அவரைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்கார வைத்தார். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். படகு மெதுவாக நிமிர்ந்தது. 

பிறகு ஒருவர் ஒருவராகத்தான் போனோம். ஒருவர் எழுந்து லாஞ்சுக்குப் போகும்வரை மற்றவர்கள் அசையக்கூடாது. காலேஜ் பெண் முதலில். நர்ஸ் ஏறும்போது வழுக்கிக் கை முறிந்தது. இருந்தும் மேலே போய்விட்டார். அக்கா என்னை முன்னால் போகச் சொன்னார். "நீங்க போங்க" என்றேன். "நான் பாத்துக்கொண்டு இருக்கோணும்" என்றார். எனக்குப் பின்னால் அவரும் படகோட்டியும் மட்டும் இருந்தார்கள். லாஞ்சில் மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் திரும்பி, அக்கா ஏறும்வரை கையை நீட்டிக்கொண்டே நின்றேன்.

எல்லோரும் வந்துவிட்டோம். கரைக்குப் போகும்போது, லாஞ்சின் எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் ஈரத்தோடு உட்கார்ந்து அக்கா பேச ஆரம்பித்தார். கேட்காமலே.

"எனக்கு ஒரு தம்பி இருந்தவன். எட்டு வயசு. 'இதில இரு, கூப்பிடேக்க வா' எண்டு அம்மா சொன்னவ. ஏணி வந்தவுடனே சனம் முழுக்கக் கப்பல் பக்கம் ஓடினது. படகு சரிஞ்சது. நான் அப்ப ஏணியில நிக்கிறன். திரும்பிப் பாத்தன். படகு நிமிர்ந்து வருது. அவன் இருந்த இடத்தில அவன் இல்லை."

"யார்கிட்டேயும் சொல்லலையா?"

"சத்தம் வரேல்லைத் தங்கச்சி. வாயைத் திறந்தனான். சத்தம் வரேல்லை."

அவர் ஈரத் தலையை என் துண்டால் துடைத்தேன். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டேன்.

"உயிர் தந்த மனுசனிட்டப் போய்க் குறை சொல்லுறதோ?"

படப்பிடிப்பை நிறுத்திவைத்தார்கள். இயக்குநர் ஒவ்வொருவர் வீடாக வந்து மன்னிப்புக் கேட்டார். மிதவைச் சட்டையைக் கழற்றச் சொன்னது தன் முடிவு என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார். என் கணவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நான்கைந்து நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பியைப் பற்றிச் சொல்லுவம். ஆனா முதல் கேப்டனுக்கு. அவருக்குத் தெரியாமப் படத்தில வரக்கூடாது."

அலிப்பூருக்குப் போகும் வழியில் டாக்ஸியில் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். "நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

கேப்டன் புயலைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். நலம் விசாரித்தார். அக்கா நேராகவே தொடங்கினார். "நீங்க இல்லாட்டி நான் இல்லை. அதை முதல் சொல்லும்." சொன்னேன். அவர் சிரித்துக் கையை ஆட்டினார். "எனக்கு ஒரு தம்பி இருந்தவன்." சொன்னேன். அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. படகு சரிந்ததைச் சொல்லும்போது அவர் முன்னால் சாய்ந்து காதருகே கையைக் குவித்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் விழுந்தான்?" என்றார்.

"கப்பலுக்கு மற்றப் பக்கம். படகு நிமிரேக்க விழுந்திருக்கோணும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "மேலேயிருந்து அந்தப் பக்கம் தெரியாது. இருட்டிக்கொண்டு வந்தது" என்றார், எங்களிடம் இல்லாமல் தனக்கே சொல்வதுபோல. பிறகு வேகமாக: "ஏணியை எடுக்குமுன் கேட்டேன். எல்லோரும் வந்தாயிற்றா என்று கையால் காட்டிக் கேட்டேன். ஒரு பெண் தலையசைத்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது."

தமிழில் சொன்னேன். அக்கா, "அது என்ர அம்மா" என்றார். அதை வங்காளத்தில் சொல்ல வாய் வரவில்லை. சின்ன வாக்கியம்தான். கேப்டன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"அவவுக்குக் கேள்வி விளங்கேல்லை. தம்பி முன்னுக்கு ஏறிட்டான் எண்டு நினைச்சவ. பேந்து கப்பல் முழுக்கத் தேடினவ. ஒவ்வொருத்தரையும் பிடிச்சுச் சொன்னவ. கப்பல்ல ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. எங்களுக்குள்ள இங்கிலீஷ் தெரிஞ்ச வாத்தியார் மயங்கிக் கிடந்தவர். அவர் எழும்பேக்க விடிஞ்சிட்டுது. அவர் சொல்லப் போனவர், அம்மாதான் மறிச்சவ. இனிச் சொல்லி என்ன எண்டு. கப்பல்காரர் பாவம், அழுறா எண்டு தேத்தண்ணி குடுத்தவை. போர்வை குடுத்தவை."

 கேப்டன் சொன்னார்: "என் சமையல்காரனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாட்டை விட்டு வந்ததற்காக அழுகிறாள் என்று நினைத்தேன். தேநீரில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடு என்று நான்தான் அவனிடம் சொன்னேன்."

பிறகு தம்பியின் பெயரைக் கேட்டார். அக்கா சொன்னார். கேப்டனுக்கு அது வாயில் நுழையவில்லை. அக்கா திருத்தினார். மறுபடி சொன்னார். சரியாக வரும்வரை இருவரும் விடவில்லை.

வாசலில் கேப்டனின் மகன் என்னை நிறுத்தினார். "இந்த வயதில் அவருக்கு இது தேவையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் கோபம் நியாயம் என்றே எனக்குப் பட்டது. நான் படியிறங்கினேன்.

இரண்டே நாளில் கேப்டனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக மகள் சொன்னாள். ரத்த அழுத்தம். அக்கா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். "நான் அந்த மனுசனைக் கொன்றுபோட்டன்" என்றார். "அப்படிச் சொல்லாதீங்க" என்று என் கணவர்தான் மோர்ச் சாதத்தைக் கரைத்து டம்ளரில் கொடுத்துக் குடிக்கவைத்தார். அந்த வாரம் முழுக்க, ஃபோன் அடித்தாலே நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

ஒரு காலையில் கேப்டனின் மகனே கூப்பிட்டார். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், இயக்குநரைப் பார்க்க வேண்டும் என்கிறார், அந்த அம்மாவும் உடன் வந்தால் நல்லது என்று மெல்லிய குரலில் சொன்னார். போனோம். கேப்டன் இளைத்திருந்தார். இயக்குநரிடம் அவர் சொன்னது இதுதான்: "ஒருவரைக்கூட விடாமல் என்று நான் சொன்னதை எடுத்துவிடு. அந்தக் குழந்தையை வை. நான் பார்க்கவில்லை என்பதையும் வை."

அதன்படியே கடைசிக் காட்சியை ஸ்டுடியோவில் பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டி எடுத்தார்கள். சுற்றிலும் நீச்சல் தெரிந்தவர்கள் நின்றார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வர மறுத்துவிட்டார்கள், நான் போனேன். அக்கா அதற்கு முன்பே முகாமுக்குத் திரும்பிவிட்டார். பார்க்க விருப்பமில்லை என்றார். ரயிலேற்றும்போது கேப்டனுக்கு ஒரு செய்தி சொல்லிவிட்டார்: "அம்மா கடைசிவரைக்கும் அவருக்காக விளக்கு வச்சவ எண்டு சொல்லும்." அன்று மாலையே அலிப்பூருக்குப் போய்ச் சொன்னேன்.

படம் சென்ற குளிர்காலத்தில் வெளிவந்தது. தெற்குக் கொல்கத்தாவில் ஒரு அரங்கில் முதல் காட்சிக்கு எங்களை அழைத்திருந்தார்கள். முன்வரிசையில் கேப்டன், பக்கத்தில் அவர் மகன். கயிற்றேணி இறங்கியது. கூட்டம் ஒரு பக்கமாக ஓடியது. படகு சாய்ந்து நிமிர்ந்தது. தம்பி இருந்த இடம் காலியாக இருந்தது. என் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.  விளக்கு போட்டபின் நான் கேப்டன் பக்கத்தில் போனேன். தம்பியின் பெயரைச் சொல்லி, "இப்போது சரியாகச் சொல்கிறேனா?" என்று கேட்டார். சரியாகவே சொன்னார்.

மறுநாள் அக்காவை ஃபோனில் கூப்பிட்டேன்.

"அவன் வாறானோ படத்தில?"

"வர்றான் அக்கா."

"கனநேரமோ?"

"இல்லை. கொஞ்ச நேரம்தான்."

"சனம் பாத்ததோ?"

"எல்லாரும் பார்த்தாங்க."

 அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. "பொறும், அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வாறன்" என்று போனார். திரும்பி வந்ததும், நர்ஸின் கை நேராகிவிட்டதா, மகளுக்கு அடுத்த படம் கிடைத்ததா என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.